ஆப்ரி–மாட்யூரின் வரிசை: இருபது நாவல்களுக்குள் இறங்கும் முன்

பேட்ரிக் ஓ'பிரையனின் ஆப்ரி–மாட்யூரின் வரிசையில் முதல் நாவலைப் பாதியில் மூடி வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்: கயிறும் பாயுமாகப் பக்கத்துக்குப் பத்துச் சொல் புரியவில்லை. குறை நியாயமானதுதான். ஆனால் அந்தப் பத்துச் சொல்லையும் அகராதியில் தேடப் போவதுதான் தப்பு. காற்று, பதவி, பணம் ஆகிய மூன்றின் கணக்கு பிடிபட்டால் போதும், மற்றது கதையோடு வந்துவிடும்.

1969 முதல் 1999 வரை எழுதி முடித்த 20 நாவல்கள் இவை. நெப்போலியன் காலப் போர்கள்தான் களம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜாக் ஆப்ரி. அவருடைய கப்பல் மருத்துவரும் இயற்கை ஆய்வாளரும் உளவாளியுமான ஸ்டீஃபன் மாட்யூரின். ஒருவருக்குக் கடலில் எல்லாம் தெரியும், கரையில் ஒன்றும் தெரியாது. மற்றவர் ஏணியில் ஏறும்போதே தண்ணீரில் விழுவார்.

முதலில் காற்று. சதுரப் பாய் கட்டிய கப்பல் காற்றை எதிர்த்து நேராகப் போகாது. திசைகாட்டியின் 32 புள்ளிகளில் ஆறு புள்ளி, அதாவது சுமார் 67 பாகை விலகித்தான் போக முடியும். போகும்போதே பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டும் இருக்கும். இந்த ஒதுக்கம்தான் பாதிக் கதைக்கு ஆதாரம். காற்று வரும் பக்கத்தில் நிற்கும் கப்பல் சண்டையை எப்போது தொடங்குவது என்று தீர்மானிக்கும். எதிர்ப்பக்கத்தில் நிற்பது காத்திருக்க வேண்டும், அல்லது ஓட வேண்டும். காற்று தள்ளும் திசையில் கரை இருந்துவிட்டால் எதிரியே தேவையில்லை, கரை போதும். ஆப்ரி நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதன் காரணம் இதுதான். காற்று எந்தப் பக்கம் என்று ஒரு துண்டுத்தாளில் அம்புக்குறி போட்டு வைத்துக்கொண்டு போர்க் காட்சிகளைப் படித்தால் ஒன்றும் தப்பாது.

சொற்களில் ஏமாற்றுபவை சில உண்டு. 'ஷீட்' என்றதும் பாய் என்று நினைத்தால் வாக்கியமே தலைகீழாகும்; அது பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு, நம் தோணிக்காரர்கள் தாமான் என்பது. பாய் தொங்கும் குறுக்குமரம் பருமல், அதை ஏற்றும் கயிறு ஆஞ்சான். கரையோரத் தமிழ் கொஞ்சம் காதில் விழுந்தவர்களுக்கு இந்த நாவல்கள் நகரத்து ஆங்கில வாசகரைவிடச் சுலபமாகவே இருக்கும். மணியும் அப்படித்தான். 'நான்கு மணி அடித்தது' என்றால் நான்கு மணி அல்ல. அரை மணிக்கு ஒரு அடி கூடும். எட்டு அடித்தால் நான்கு மணிநேரக் காவல்முறை முடியும். அதிகாலைக் காவலில் நான்கு அடி என்றால் காலை ஆறு. போதாததற்கு, 1805 வரை கப்பல் நாள் நண்பகலில் தொடங்கியது. ஆரம்ப நாவல்களில் தேதி இடித்தால் அச்சுப்பிழை என்று முடிவுகட்ட வேண்டாம்.

பதவி. முதல் நாவலின் தலைப்பான 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' ஒரு பதவிப் பெயர். சிறு கப்பலை நடத்துபவர். மரியாதைக்காக கேப்டன் என்று அழைப்பார்கள், ஆனால் முழு கேப்டன் அல்ல. இரண்டாம் நாவலின் தலைப்பான 'போஸ்ட் கேப்டன்'தான் அந்த முழுப்பதவி. அதை எட்டிவிட்டால் பிறகு அட்மிரல் ஆவதற்குத் திறமை வேண்டாம், பட்டியலில் மேலே இருப்பவர்கள் சாகும்வரை உயிரோடு இருந்தால் போதும். ஆப்ரியின் பதற்றம், பொறாமை, அசட்டுத் துணிச்சல் எல்லாம் இந்த ஒரு படியைத் தாண்டுவதற்கானவை. முதல் நாவலில் ஆப்ரியின் கப்பலான சோஃபி இரண்டு பாய்மரம் கொண்ட பிரிக். ஆனாலும் அதை நடத்துபவர் கமாண்டர் என்பதால் கடற்படைக் கணக்கில் அது 'ஸ்லூப்'.

பணம். எதிரிக் கப்பலைப் பிடித்தால் அதன் விலை எட்டுப் பங்காகும். 1808-க்கு முன்னர் கேப்டனுக்கு மூன்று பங்கு, அவருக்கு மேலே அட்மிரல் இருந்தால் அதில் ஒன்று அந்த அட்மிரலுக்கு. சாதாரண மாலுமிகள் அத்தனை பேருக்கும் சேர்த்து இரண்டு. கேப்டன் வணிகக் கப்பலைக் கண்டதும் கண் பளபளப்பதும், மாலுமிகள் ஆப்ரியை அதிர்ஷ்டக்காரர் என்று கொண்டாடுவதும் இதனால்தான். தேசபக்தி இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது.

இந்த மூன்றும் ஒரே இடத்தில் மோதுவது முதல் நாவலின் உச்சப் போரில். அது கற்பனை அல்ல. 1801 மே 6 அன்று பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி தாமஸ் காக்ரேனின் கப்பல் 'ஸ்பீடி', ஸ்பெயினின் 'எல் காமோ'வைப் பிடித்ததை ஓ'பிரையன் அப்படியே எடுத்திருக்கிறார். ஸ்பீடியில் 14 பீரங்கி, 54 பேர். காமோவில் 32 பீரங்கி, 319 பேர். ஸ்பீடியின் குண்டு ஒவ்வொன்றும் நான்கு பவுண்டுதான். ஒரு பக்கத்து ஏழு பீரங்கியும் ஒன்றாகச் சுட்டால் மொத்தம் 28 பவுண்டு. பெரிய பீரங்கி ஏற்றிப் பார்த்தபோது கப்பலின் மரம் தாங்கவில்லை. பிறகு எப்படி? காக்ரேன் தன் கப்பலைக் காமோவின் விலாவோடு ஒட்ட வைத்தார். உயரமான கப்பலின் குண்டுகள் தலைக்கு மேலே பறந்தன. சிறியதன் குண்டுகள் கீழிருந்து மேல்தளத்தைப் பிளந்தன. பிறகு சுக்கானில் மருத்துவரை நிறுத்திவிட்டு ஏறக்குறைய எல்லோரும் எதிரிக் கப்பலில் ஏறினார்கள். நாவலாசிரியர் கூட்டியது மனிதர்களைத்தான், எண்களை அல்ல. கடல் நாவல் என்ற வகையின் வேரே காக்ரேனிடம் போகிறது. 1836-இல் 'மிஸ்டர் மிட்ஷிப்மேன் ஈஸி' எழுதிய மேரியட் அவரிடம் கப்பலில் வேலை பார்த்தவர்.

வரிசையை மாற்றாமல் படிக்க வேண்டும். சிக்கல் இரண்டாம் நாவலில். பாதிக்கு மேல் கரையில், கடன்காரர்களும் கல்யாண வயதுப் பெண்களுமாக ஓடும். பீரங்கியை எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள். 'பாலிக்ரெஸ்ட்' வரும்வரை தாங்குங்கள்: ஏதோ ரகசிய ஆயுதத்துக்காக இரு முனையும் கூராகக் கட்டி, ஆயுதம் கைவிடப்பட்ட பிறகு மிஞ்சிய விசித்திரக் கப்பல். முன்னே போவதைவிடப் பக்கவாட்டில் அதிகம் போகும். மோசமான கப்பலை ஓட்டுவது எப்படி என்பதை இதைவிட நன்றாக யாரும் எழுதியதில்லை.

மூன்றாவதான 'எச்.எம்.எஸ். சர்ப்ரைஸ்' வரிசையின் சிகரம். பம்பாய்த் தெருக்கள் வருகின்றன, அலங்காரம் இல்லாமல், வலியோடு. அதன் கடைசிப் போருக்கு அடிப்படை 1804 பிப்ரவரியில் மலாக்கா நீரிணை வாயிலில் நடந்தது: பிரிட்டிஷ் அரசுக் கடற்படைக் கப்பல் ஒன்றுகூட இல்லாமல், கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல்கள் போர்க்கப்பல் வேடமிட்டு பிரெஞ்சு அட்மிரல் லின்வாவை விரட்டின. நாவலில் உதவிக்கு நிற்கும் சர்ப்ரைஸ், நிஜத்தில் 1802-லேயே விற்கப்பட்டுவிட்டது. இந்த ஒரு பொய்யை மன்னிக்கலாம்.

நான்காவது, 'தி மொரீஷியஸ் கமாண்ட்', கொஞ்சம் வறட்சி. 1809–10 படையெடுப்பை நாள்வாரியாகப் பின்தொடர்வதால் பாத்திரங்களுக்கு மூச்சுவிட இடம் குறைவு. ஆனால் நமக்கு அதில் ஒரு உறவு இருக்கிறது: இன்று ரீயூனியன் எனப்படும் பூர்போன் தீவை 1810 ஜூலையில் பிடித்த படையில் சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்தார்கள். அடுத்த மாதமே மொரீஷியஸின் கிராண்ட் போர்ட்டில் பிரிட்டிஷார் நான்கு ஃப்ரிகேட் போர்க்கப்பல்களை இழந்த கதையை ஆசிரியர் மழுப்பாமல் எழுதியிருக்கிறார்.

ஏழாவதுக்குப் பிறகு காலம் நகராது. வரலாற்று ஆண்டுகள் தீர்ந்துவிட்டதை ஆசிரியரே பத்தாம் நாவலின் முன்னுரையில் ஒப்புக்கொண்டு, 1812-ஐ இழுத்து நீட்டிக்கொள்கிறார். பிள்ளைகளின் வயதைக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். இன்னொரு குறை: பெரிய போரைக் காட்டாமல் தாண்டிவிட்டு, பிறகு சாப்பாட்டு மேசையில் யாராவது நாலு வரியில் சொல்லுவார்கள். முதல்முறை எரிச்சல் வரும், பழகினால் ருசி. முடிவுகள் சட்டென்று அறுந்து நிற்கும். கடைசி மூன்று நாவல்களில் சோர்வு தெரிகிறது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 15-ஆவது நாவல் பிரிட்டிஷ் பதிப்பில் 'கிளாரிசா ஓக்ஸ்', அமெரிக்கப் பதிப்பில் 'தி ட்ரூலவ்'. இரண்டும் ஒன்றே, இரண்டு முறை காசு கொடுக்காதீர்கள். நார்ட்டன் பதிப்பில் முன்பக்கத்தில் பாய்களின் வரைபடம் இருக்கிறது, அது ஒன்றுக்காகவே அதை வாங்கலாம். ஐந்து பாகமாக வந்த மொத்தத் தொகுப்பு அலமாரிக்கு அழகு, கையில் பிடித்துப் படிக்கக் கனம். டீன் கிங்கின் 'எ ஸீ ஆஃப் வேர்ட்ஸ்' அகராதி பயன்படும், ஆனால் மூன்று நாவல் தாண்டிய பிறகு. ஒலிநூலில் பேட்ரிக் டல், ரிக் ஜெரோம் இருவரும் நன்றாகவே வாசிக்கிறார்கள். ஆனால் முதல் நாவலை மட்டும் கண்ணால் படியுங்கள். மாட்யூரினைப் பாய்மரத்தில் ஏற்றி ஒவ்வொரு கயிறாகக் காட்டும் இடத்தில் நின்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

2003-இல் பீட்டர் வியர் இயக்கி வந்த படம் பத்தாம் நாவலின் துரத்தலை எடுத்துக்கொண்டு, அமெரிக்க எதிரியை பிரெஞ்சாக மாற்றிவிட்டது. கப்பலின் சத்தமும் நெருக்கடியும் அசல். மாட்யூரினின் உளவு வேலை அதில் காணோம், பாதி ஆள்தான் வருகிறார்.

இவ்வளவு பொறுமை இல்லை, கதை மட்டும் விறுவிறுவென்று போக வேண்டும் என்பவர்களுக்கு ஃபாரஸ்டரின் ஹார்ன்புளோயர் நாவல்கள் பொருந்தும். 2004-இல் வந்த முடிவுறாத 21-ஆவது நாவலில் ஒரு பக்கம் அச்சு, எதிர்ப்பக்கம் ஆசிரியரின் கையெழுத்துப் பிரதி. இருபதையும் முடித்தவர்கள் நூலகத்தில் எடுத்துப் பார்த்தால் போதும், வாங்க வேண்டியதில்லை.