லேட்டன்சியா, லேகா?

இரண்டுக்கும் தமிழில் "தாமதம்" என்றே எழுதிவிடுகிறோம். ஆன்லைன் கேம் இழுக்கும்போது பழுது பார்க்கப் போனால், அந்தக் குழப்பம் நேரத்தைத் தின்றுவிடும்.

லேட்டன்சி ஓர் அளவு. தகவல் போய்ச் சேர எடுக்கும் நேரம், மில்லிசெகண்டில். பிங், அதாவது ஒரு சிறு செய்தியை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும் சோதனை, காட்டுவது போய்த் திரும்பும் நேரத்தை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும், சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,900 கி.மீ. ஆகவே சென்னையில் எந்தத் திட்டம் வாங்கினாலும் சிங்கப்பூர் சர்வருக்குப் பிங் 29 மில்லிசெகண்டுக்குக் கீழே வராது.

லேக் என்பது நாம் உணரும் இழுவை. பட்டனை அழுத்துகிறோம், திரையில் ஆள் பிறகுதான் குதிக்கிறான். லேட்டன்சி அதற்கு ஒரு காரணம் மட்டுமே.

எனவே முதலில் ரவுட்டருக்குப் பிங் கொடுங்கள், பிறகு வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கு. ரவுட்டருக்கே எண் தாறுமாறாக ஏறினால் வைஃபைதான் கோளாறு. கேபிளில் இணைத்துப் பாருங்கள். யாராவது வீடியோ ஏற்றும்போது மட்டும் வெளிப்பிங் 20-லிருந்து 300-க்குத் தாவினால், ரவுட்டரில் வரிசை தேங்குகிறது: அப்லோடு வரம்பை உண்மை வேகத்தில் 85–90 சதவீதமாக வையுங்கள். இரண்டு பிங்கும் சீராக இருந்தும் இழுக்கிறதா? டிவியில் கேம் மோடு போடுங்கள், கிராபிக்ஸைக் குறையுங்கள். இணைய நிறுவனத்துக்குப் போன் போடத் தேவையில்லை.