நிதித் தலைவரின் ராஜினாமாவை மறைத்தார்கள், என் 2,30,000 ரூபாய் போயிற்று

குமுளியிலிருந்து எழுதுகிறேன். புற்றடி ஏலத்தில் ஏலக்காய் விற்றுச் சேர்த்த 3,60,000 ரூபாயை, ஒரு பங்குத் தரகுக் கிளையை நம்பி, நட்டத்தில் தள்ளாடிய ஒரு மருந்து மூலப்பொருள் நிறுவனத்தின் பங்குகளில் போட்டேன்.

கிளை மேலாளர் எனக்குத் தேநீர் வரவழைத்து, தன் கைப்பேசியைச் சர்க்கரைக் கிண்ணத்தின்மேல் சாய்த்து வைத்து, அந்நிறுவனத்தின் நிதித் தலைவர் முதலீட்டாளர்களிடம் பேசிய காணொளியைப் போட்டுக் காட்டினார். "அடுத்த காலாண்டுல கடன் பாதியா குறையும்னு அவரே சொல்றார், நம்பி வாங்குங்கண்ணே" என்றார். நல்லது கெட்டதுக்கு என் வீட்டுக்கு வந்துபோகும் பையன் என்பதால், மறுபேச்சில்லாமல் தலையசைத்தேன்.

ஒன்பதாம் நாள், நிதித் தலைவர் சொந்தக் காரணங்களால் விலகிவிட்டார் என்று நிறுவனம் பங்குச் சந்தைக்கு அறிவித்தது. பின்னர் வெளியான ராஜினாமாக் கடிதத்தைத் திறந்து பார்த்தபோது என் கை நடுங்கியது; நான் பங்கு வாங்குவதற்கு ஒரு வாரம் முந்திய தேதி அதில் இருந்தது. ராஜினாமாவை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதி சொல்கிறது. இவர்கள் பதினாறு நாள் மூடி வைத்திருக்கிறார்கள். அறிவிப்பு வந்த மறுநாள் முதல் இருபது வர்த்தக நாட்கள் பங்கு லோயர் சர்க்யூட்டிலேயே, அதாவது ஒரு நாளில் இறங்க அனுமதிக்கப்பட்ட அடிமட்ட விலையிலேயே கிடந்தது, தினமும் காலையில் விற்கப் போட்டும் வாங்க ஆளில்லை. கடைசியில் கைக்கு வந்தது 1,30,000. போனது 2,30,000 ரூபாய்.

மேலாளரோ, "மார்க்கெட் ரிஸ்க்குன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே அண்ணே" என்று முடித்துக்கொண்டார், அதன்பின் என் அழைப்பையே எடுப்பதில்லை. இயக்குநர் குழு ராஜினாமாவை ஏற்ற நாளிலிருந்துதான் கணக்கு என்று நிறுவனச் செயலர் ஒற்றை வரியில் பதில் அனுப்பினார். காணொளி வழியே நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அந்தக் கடிதத்தின் தேதியை நான் வாசிக்கத் தொடங்கியதுமே என் ஒலிவாங்கியை அணைத்தார்கள். என்னைப் போன்ற சிறு பங்குதாரர்கள் சிலர் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்கிறார்கள், ஆனால் அதற்கு 100 பேராவது, இல்லையென்றால் மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர்களாவது சேர வேண்டும். நாங்கள் இதுவரை முப்பத்தொரு பேர். நிறுவனர் தரப்புப் பங்குதாரர்களோ விலையை இறக்கியதே நாங்கள்தான் என்று பழி சுமத்துகிறார்கள். 2,30,000 ரூபாயை இழந்தவன் மேல் இப்படி ஒரு பழி!

வாங்கும் முன் பங்குச் சந்தையின் இணையதளத்தில் அந்நிறுவனத்தின் அறிவிப்புகளை நீங்களே படியுங்கள். தணிக்கையாளரோ நிதித் தலைவரோ விலகியிருந்தால் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். தரகர் வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். ஏமாந்திருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் உடனே புகார் பதியுங்கள், 21 நாட்களுக்குள் புகாருக்கு உள்ளானவர்கள் பதில் தர வேண்டும். நான் நேற்றிரவுதான் பதிந்தேன்.