ஆதி நாகரிக மாதிரிப் பெட்டி: 1,850 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது, எதைத் திருத்த வேண்டும்

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடைகளில் இப்போது ஒரு மரப்பெட்டி கிடைக்கிறது. மூடியில் 'ஆதி நாகரிகங்கள்' என்று ஒட்டியிருக்கும். உள்ளே ஏழு எடைக்கட்டிகள், ஓர் உருளை முத்திரை, இரண்டு சதுர முத்திரைகள், ஆறு மணிகள், நான்கு பானை ஓட்டு மாதிரிகள், ஒரு ரோமானியக் காசு மாதிரி, சுவர் வரைபடம், கையேடு. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றின் தயாரிப்பு. சமூக அறிவியல் ஆசிரியர்களை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். கையில் எடுக்கும் பொருள்கள் நன்றாக வந்திருக்கின்றன, காகிதத்தில் அச்சானவைதான் சறுக்கிவிட்டன. வாங்கலாம். வரைபடத்தை மட்டும் சுவரில் மாட்ட வேண்டாம்.

பெட்டியின் மதிப்பில் பாதி எடைக்கட்டிகளில் இருக்கிறது. சிந்துவெளி எடைகள் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துப் போகும். அடி அலகு ஏறத்தாழ 0.86 கிராம், அகழாய்வுகளில் அதிகம் கிடைப்பது 16 மடங்கான 13.7 கிராம் கட்டி. இந்த ஏழும் கையில் இருந்தால் 1 முதல் 127 வரை எந்த மடங்கையும் நிறுத்துவிடலாம். ஒரு தட்டுத் தராசும் ஒரு படி உளுந்தும் போதும், வகுப்பு தானே நடக்கும். எட்டுக் குன்றிமணி ஏறத்தாழ ஓர் அலகு வரும் என்பதையும் சேர்த்துக் காட்டலாம். விதைக்கு விதை எடை மாறும், அதனால் பத்து முறை எட்டெட்டாக நிறுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

குறை, கட்டிகள் சிமெண்டும் கல்பொடியும் கலந்து வார்த்தவை. அசல் எடைகள் பெரும்பாலும் செர்ட் என்ற கெட்டிக் கல்லை இழைத்துச் செய்தவை. சிமெண்ட் ஈரம் இழுக்கும், நம் ஊர் ஐப்பசி மழையில் பெரிய கட்டியின் எடை ஏறிவிடும். வாங்கியதும் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, நிறமில்லாத வார்னிஷை மெல்லியதாக இரண்டு பூச்சு கொடுங்கள். பிறகு நகைக்கடைத் தராசில் ஒருமுறை நிறுத்து, உண்மையான எடையை அடியில் எழுதிவிடுங்கள். மிகச் சின்னக் கட்டி பக்கத்துக்கு 7 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதில் ஒரு மூலை உடைந்து 0.1 கிராம் போனால் எடையில் சுமார் 12 சதவீதம் போயிற்று. அந்த வணிகர்கள் ஏன் கெட்டிக் கல்லைத் தேடிப் போனார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரு வகையில் மட்டமான வார்ப்பே உபகாரம் செய்கிறது.

உருளை முத்திரை நல்ல தேர்வு. மெசபடோமியாவின் (இன்றைய இராக் பக்கம்) அக்காட் அரசன் ஷர்காலிஷர்ரியின் எழுத்தர் இப்னி-ஷர்ரும் என்பவரின் முத்திரைக்கு மாதிரி அது. அசல் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஈர மண்ணில் உருட்டினால் நீண்ட கொம்புள்ள இரண்டு எருமைகள் தண்ணீர் குடிக்கும் படம் விழும். எருமை மெசபடோமியாவின் சொந்தப் பிராணி இல்லை, சிந்துப் பக்கத்திலிருந்து போனது என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அக்காட் காலத்துக்குப் பிறகு அங்கத்திய முத்திரைகளில் அது காணாமலும் போகிறது. எழுத்து, கலைப்பாணி, முத்திரை வடிவம் மூன்றும் அங்கே, மிருகம் இங்கே. நாகரிகங்கள் ஒன்றையொன்று எப்படித் தொட்டன என்று விளக்க ஒரு பொருள் போதும் என்றால் இதுதான் அது.

உருட்டுவதில்தான் எல்லோரும் கெடுத்துக்கொள்கிறார்கள். பானை செய்பவரிடமே பிசைந்த மண் ஒரு கிலோ வாங்குங்கள். நாகை, வேதாரண்யம் கரையோர மண் வேண்டாம், காய்ந்ததும் உப்புப் பூத்து அச்சு வெளுத்துவிடும். ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது என்ற பதம் வரும்வரை நிழலில் விடுங்கள். ஈரம் அதிகமானால் மண் முத்திரைக்குள் அடைத்துக்கொள்ளும், குறைந்தால் ஓரம் வெடிக்கும். ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவச் சொல்கிறது கையேடு. எண்ணெய் கோடுகளில் தேங்கி எருமையின் கண்ணே மறைந்துவிடுகிறது. சலித்த சாம்பலை மெல்லத் தூவினால் போதும். இரண்டு உள்ளங்கையாலும் ஒரே அழுத்தம் கொடுத்து, நிறுத்தாமல் ஒரே போக்கில் உருட்ட வேண்டும். நடுவில் நின்றால் அங்கே ஒரு குழி விழும்.

சதுர முத்திரைகளைத் தட்டை மண்ணில் அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஒரு சின்னச் சாடியின் வாயைத் துணியால் மூடி, சணலால் கட்டி, முடிச்சின் மேல் மண்ணை அப்பி அதில் அழுத்துங்கள். காய்ந்ததும் மண்ணைப் பெயர்த்தால் பின்பக்கம் சணல், துணித் தடம் இருக்கும். குஜராத்தில் இருக்கும் சிந்துவெளித் துறையான லோத்தலின் கிடங்கில் தீப்பிடித்ததால் சுட்டுப்போய்த் தப்பிய 60க்கும் மேற்பட்ட மண் அச்சுகளின் பின்புறம் இதே மாதிரி கயிறு, பாய்த் தடங்கள் இருந்தன. சரக்கு மூட்டையில் ஒட்டியிருந்தது என்று தெரிந்தது அதனால்தான். கையேடு இதைச் சொல்லாமல் விட்டது பெரிய இழப்பு. அதற்குப் பதில் முத்திரை எழுத்துக்கு ஒரு 'பொருள்' அச்சிட்டிருக்கிறார்கள். அந்த எழுத்து இன்னும் எல்லோரும் ஏற்கும்படி வாசிக்கப்படவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

மணிகள் சுமார். சூதுபவள மணியின் மேல் காரக் கரைசலால் கோலம் எழுதிச் சூடுபடுத்தினால் கோடு நிரந்தரமாக வெளுக்கும். சிந்துவெளிக்காரர்களின் அந்த வேலை மெசபடோமியாவின் 'ஊர்' (Ur) என்ற நகரத்து அரச கல்லறைகள் வரை போயிருக்கிறது. பெட்டியில் இருப்பது சிவப்புக் கண்ணாடியில் தீட்டிய வெள்ளைப் பெயின்ட், நான்கு கை மாறினால் உரிந்துவிடும்.

இனி வரைபடம். மெசபடோமியாவில் ஒரு சூரியனை வரைந்து, அதிலிருந்து எகிப்துக்கும் சிந்துவுக்கும் அம்பு விட்டிருக்கிறார்கள். எகிப்துக்குப் போகும் அம்பில் கொஞ்சம் நியாயம் உண்டு, உருளை முத்திரை மெசபடோமியாவிலிருந்துதான் போனது. சிந்து எழுத்தோ எடையோ மெசபடோமியாவைப் பார்த்துச் செய்தவை இல்லை. மாறாக, சிந்து எடைகள் தில்முன் எனப்பட்ட பஹ்ரைனில் புழங்கியிருக்கின்றன. மெலுஹா, மகன் (Magan, ஓமான் பக்கம்), தில்முன் நாட்டுக் கப்பல்களைத் தன் துறையில் கட்டவைத்ததாக அக்காட் அரசன் சார்கோன் பெருமை பேசுகிறான். மெலுஹா மொழிபெயர்ப்பாளன் என்று பொறித்த, ஷூ-இலிஷு என்பவரின் முத்திரையும் இருக்கிறது. மெலுஹா சிந்துவெளிதான் என்பது பெரும்பாலோர் கருத்து. அம்பு இரு பக்கமும் போக வேண்டும், ஒவ்வொன்றின் மேலும் என்ன பொருள் போனது என்று எழுத வேண்டும். பொருள் எழுத முடியாத அம்பை அழித்துவிடுவது நல்லது.

மயிலாடுதுறைப் பக்கத்துச் செம்பியன்கண்டியூரில் கிடைத்த கற்கோடரியையும் கையேடு இதே அவசரத்தோடு கையாள்கிறது. 2006-ல் வெளியே தெரிந்த அதில் கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் சிந்து எழுத்துகளைக் கண்டார், ஏற்காதவர்களும் உண்டு. 'சிந்து மக்கள் மயிலாடுதுறைக்கு வந்தனர்' என்று கையேடு முடித்துவிட்டது. கோடரி கைமாறிப் போகும் பொருள். அது கிடைத்த இடத்துக்கு அதைச் செய்தவரே வந்தார் என்று சொல்லிவிட முடியாது.

பானை ஓடுகளில் ரௌலட்டட் ஓடு மாதிரி அருமை. தட்டின் உள்ளடியில் வட்ட வட்டமாகப் பற்கோடுகள், தட்டினால் கணீரென்ற சத்தம். அரிக்கமேட்டில் 1945-ல் தோண்டிய ஆங்கிலேய அகழாய்வாளர் வீலர் இதை ரோமானிய இறக்குமதி என்று எண்ணினார், பின்னால் மண்ணைச் சோதித்தபோது இந்தியத் தயாரிப்பு என்று தெரிந்தது. பூம்புகாரிலும் கிடைத்த வகைதான். எதிர்ப்பக்கச் சான்றாக, எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேயில் ஓர் இந்தியச் சாடியில் 7.5 கிலோ மிளகு இருந்தது. அதே கரையிலுள்ள குவசீர் அல்-கதீமில் தமிழ்ப் பிராமி எழுதிய ஓடுகள் அகப்பட்டன. பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் டாலமி குறிப்பிடும் 'கபேரிஸ்' துறை நம் காவிரிப்பூம்பட்டினம். டெல்டாவில் விற்கும் பெட்டியில் இதற்கெல்லாம் ஒரே பத்திதான்.

இன்னொன்று, ரோமானியக் காசையும் 'ஊர்' நகரத்து வகை மணியையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறார்கள். இடையில் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு இருக்கிறது. சிந்து–மெசபடோமிய வணிகம் கி.மு. 1900 வாக்கில் ஓய்ந்துவிட்டது. நடுவில் ஒரு அட்டையைச் செருகி இரண்டு தட்டாகப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சார்கோன் பூம்புகாருக்கு வந்தான் என்று பரீட்சையில் எழுதுவார்கள்.

கடையில் வாங்கும்போது பெட்டியைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: சின்னக் கட்டியின் மூலைகள், உருளையின் துளை நடுவில் இருக்கிறதா, ஓடுகளில் விரிசல். வரைபடம் இல்லாமல் கொடுத்தால் 1,600-க்கு இறங்குகிறார்கள், அப்படியே கேட்டு வாங்குங்கள்.