அறுநூற்றைம்பது ரூபாய் வைஃபை அடாப்டரும் என் லினக்ஸ் மடிக்கணினியும்

தக்கலைக்கு அருகில் வீட்டிலிருந்தபடியே அச்சுக்கோப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து வருகிற எனக்கு, ஏழு ஆண்டுகளாக உழைத்துவரும், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஒரு மடிக்கணினிதான் தொழிற்கருவி. சென்ற ஆனி மாதச் சாரலில் ஜன்னலோரம் திறந்தபடி கிடந்ததாலோ, வயதாகிவிட்டதாலோ, அதன் உள்ளிருக்கும் வைஃபை அட்டை ஒருநாள் காலை அடியோடு நின்றுபோயிற்று. அட்டையை மாற்றலாம்தான், ஆனால் கீல் ஏற்கெனவே விரிசல் விட்டிருப்பதால், அடிப்பாகத்தைக் கழற்றினால் மறுபடி மூட முடியுமா என்பதே சந்தேகம். எனவே யூஎஸ்பி அடாப்டர் ஒன்றை வாங்கித் தீர்ப்பது என்று முடிவு செய்து, மார்த்தாண்டம் மேம்பாலத்தையொட்டிய கணினிக் கடை ஒன்றுக்குச் சென்றேன்.

கடையிலிருந்த தம்பி எடுத்துக் கொடுத்தது கட்டைவிரல் நகமளவே இருந்த ஒரு சிறு துண்டு. விலை 650 ரூபாய். “லினக்ஸில் வேலை செய்யுமா?” என்று கேட்டதற்கு, “சாரே, இத சொருவினா போதும், தானே எடுத்துக்கிடும்” என்றார். அட்டைப்பெட்டியிலும் விண்டோஸ் பதிப்புகளின் வரிசைக்குக் கீழே, பொடி எழுத்தில், லினக்ஸ் என்று அச்சிட்டிருந்தார்கள். வேகம் 600 எம்பிபிஎஸ் என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது; எந்தச் சிப் என்பது எங்கும் இல்லை. பெட்டிக்குள் ஒரு மினி சிடியும் இருந்தது. சிடி டிரைவே இல்லாத கணினிக்கு அதனால் என்ன பயன் என்று தெரியாமல், பின்கட்டில் பயற்றுப் பந்தலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கிளிகள் ஒரு வாரம் அஞ்சின.

வீட்டுக்கு வந்து சொருகியதும் நேர்ந்தது வேடிக்கையானது. வைஃபை பட்டியல் வருவதற்குப் பதிலாக, மேசைத்திரையில் ஒரு சிடியின் படம் முளைத்தது. திறந்து பார்த்தால் விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு. கட்டளைகளை எழுத்தில் கொடுக்கும் முனையத்தைத் திறந்து, இணைந்திருக்கும் யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையைக் கொடுத்தபோது, அடாப்டர் தன்னை வட்டு என்றே அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தது. இத்தகைய அடாப்டர்கள் பல, விண்டோஸ் பயனருக்கு டிரைவரை, அதாவது கருவியைக் கணினி இயக்குவதற்கான நிரலை, கையோடு கொடுப்பதற்காக, முதலில் சிடியாக வேடம் போட்டு, டிரைவர் நிறுவப்பட்ட பிறகே வைஃபை கருவியாக மாறுபவை. லினக்ஸில் அந்த வேடத்தை நாம்தான் கலைக்க வேண்டும். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் இதற்கென்றே இருக்கிறது. நான் அந்தச் சிடி படத்தின்மேல் வலச்சொடுக்கு செய்து ‘எஜெக்ட்’ கொடுத்தேன், அதுவே போதுமானதாக இருந்தது. நீல விளக்கு ஒருமுறை மினுக்கியது. மறுபடி பட்டியலைப் பார்த்தபோது அடையாள எண்ணின் பின்பாதி சி811 என்று மாறியிருந்தது. உள்ளே இருப்பது ரியல்டெக்கின் 8811சியூ வகைச் சிப் என்பது அப்போதுதான் தெரியவந்தது. பெட்டி சொல்லாததை ஒரே ஒரு கட்டளை சொல்லிவிட்டது.

சிப் தெரிந்துவிட்டது, ஆனால் வைஃபை வரவில்லை. என் கணினியில் இருந்தது லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 21. அதன் கர்னல், அதாவது வன்பொருளை நேரடியாகக் கையாளும் மையப்பகுதி, 5.15ஆம் பதிப்பு. இந்தச் சிப்புக்கான டிரைவர் கர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது 6.2ஆம் பதிப்பில், அதாவது 2023 பிப்ரவரியில்தான். இணையம் வேண்டி வாங்கிய பொருளுக்கு இணையத்திலிருந்தே டிரைவர் இறக்க வேண்டிய நிலை. இந்தக் கட்டத்தில் கைகொடுப்பது கைபேசிதான்: சார்ஜர் கம்பியால் கணினியோடு இணைத்து, கைபேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்கினால் தனி டிரைவர் எதுவும் இல்லாமல் லினக்ஸ் அதை ஏற்றுக்கொள்ளும்.

நானே முயன்றிருக்கலாம். ஆனால் மறுநாள் கொடுக்க வேண்டிய மெய்ப்பு காத்துக்கிடந்ததால், கணினியை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அந்தத் தம்பி சலிக்காமல் உட்கார்ந்து, டிரைவரின் மூலநிரலை இறக்கி, தொகுத்து (கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றி), இருபது நிமிடத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார். கூலி 150 ரூபாய். நடுவில் ஒரு தடை வந்தது: சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி. நம்பகமான மின் கையொப்பமுள்ள நிரல்களை மட்டுமே அனுமதிக்கும் பாதுகாப்பு ஏற்பாடான செக்யூர் பூட் இயங்கும் கணினியில், கையொப்பமில்லாத டிரைவரைக் கர்னல் உள்ளே விடாது. முறையான வழி, நாமே ஒரு சாவியை உருவாக்கி, மறுதொடக்கத்தின்போது வரும் நீலத்திரையில் அதைப் பதிவு செய்வது. தம்பியோ கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், செக்யூர் பூட்டையே அணைத்துவிட்டார். கதவின் பூட்டு இறுகிவிட்டதென்று கதவைக் கழற்றி வைப்பது போன்ற வேலை இது, எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு வழக்கமான புதுப்பிப்பு ஒன்றில் கர்னலின் சிறு பதிப்பு மாறியதும் வைஃபை மறைந்துபோனது. காரணம் எளிது: அவர் டிரைவரை அன்றைய கர்னலின் கோப்புறைக்குள் மட்டும் நிறுவியிருந்தார். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாட்டின்வழி நிறுவியிருந்தால், ஒவ்வொரு புதிய கர்னல் வரும்போதும் டிரைவர் தானாகவே மறுபடி தொகுக்கப்பட்டிருக்கும். தொலைபேசியில் கேட்டபோது அவர் சொன்ன தீர்வு, “இனி அப்டேட் கொடுக்காண்டாம் சாரே” என்பது. பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவைத்து ஒரு 650 ரூபாய்ப் பொருளைக் காப்பாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியில் தீர்வு என் கண்முன்னேயே இருந்தது. மின்ட்டின் புதுப்பிப்பு மேலாளரில், வியூ பட்டியின் கீழ் லினக்ஸ் கர்னல்கள் என்றொரு பகுதி இருக்கிறது. கைபேசி இணையத்தில் அங்கிருந்து 6.8 கர்னலை நிறுவி, மறுதொடக்கம் செய்து, சிடி வேடத்தைக் கலைத்ததும் அடாப்டர் தானாகவே உயிர்பெற்றது. தொகுக்கவும் இல்லை, கட்டளை எழுதவும் இல்லை. கர்னலோடு வரும் டிரைவர் ஏற்கெனவே கையொப்பமிடப்பட்டது என்பதால், செக்யூர் பூட்டையும் மறுபடி இயக்கிவிட்டேன். அதற்குப் பின் வந்த புதுப்பிப்புகள் எதிலும் வைஃபை அறுபடவில்லை.

இனி, வேகம். பெட்டியில் உள்ள 600 என்பது, 5 கிகாஹெர்ட்ஸில் கிடைக்கக்கூடிய 433ஐயும் 2.4 கிகாஹெர்ட்ஸின் 150ஐயும் கூட்டி, முழுதாக்கிய எண். இரண்டு அலைவரிசையும் ஒரே நேரத்தில் இயங்காது என்பதால் அந்த வேகம் யாருக்கும் ஒருபோதும் கிடைக்காது. எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பு 100 எம்பிபிஎஸ் மட்டுமே. ரவுட்டர் இருக்கும் முன்னறையில் 5 கிகாஹெர்ட்ஸில் 90ஐத் தொடுகிறது. நான் வேலை செய்யும் பின்னறைக்கு நடுவே தாத்தா காலத்து வெட்டுக்கல் சுவர்கள் இரண்டு நிற்கின்றன. முக்கால் முழ அகலமுள்ள அந்தச் சுவர்களைத் தாண்டும்போது 5 கிகாஹெர்ட்ஸ் பத்துக்கும் கீழே சரிந்துவிடுகிறது, 2.4க்கு மாற்றினால் 25 வரை நிலையாகக் கிடைக்கிறது. மெய்ப்புக் கோப்புகளை அனுப்ப அது தாராளம். நகமளவு கருவிக்குள் எத்தனை பெரிய ஆன்டெனாவை வைத்துவிட முடியும்? பழைய கல்வீடுகளில் இருப்பவர்கள் வெளியே ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் வகையைப் பார்ப்பது நல்லது.

ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. பக்கத்துத் துளையில் யூஎஸ்பி 3.0 வன்தட்டைச் சொருகி நகலெடுக்கும்போதெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு திணறியது. யூஎஸ்பி 3.0 இயங்கும்போது எழும் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுவதுதான் காரணம். ஓரடி நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கி அடாப்டரைத் தள்ளி வைத்ததும் சரியாயிற்று.

தீராத குறையும் ஒன்று உண்டு. கணினியைத் தூங்கவைத்து எழுப்பினால், ஐந்தில் ஒருமுறையாவது அடாப்டர் எழுவதில்லை. பிடுங்கிச் சொருக வேண்டியிருக்கிறது. தொட்டால் நன்றாகச் சுடவும் செய்கிறது. ஆனால் சூட்டினால் இதுவரை இணைப்பு அறுந்ததில்லை.

கர்னல் 6.2 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். கொடுத்த விலைக்குக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கர்னல் 6.1இல் நிற்கும் டெபியன் 12 போன்ற லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்கள், டிரைவரைத் தாமே தொகுக்கும் பொறுமை இருந்தாலன்றி, மீடியாடெக்கின் எம்டி7610யூ அல்லது எம்டி7612யூ சிப் உள்ளதைத் தேடுவதே மேல். அவற்றுக்கான டிரைவர் 2018இல் வந்த 4.19 கர்னலிலிருந்தே உள்ளே இருக்கிறது. மார்த்தாண்டத்தில் இரண்டு கடை, நாகர்கோவிலில் ஒரு கடை என்று நான் விசாரித்த இடங்களில் அது கிடைக்கவில்லை. இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். உள்ளூரில் வாங்குவதானால், உங்கள் மடிக்கணினியையே கடைக்குக் கொண்டுபோய், பணம் கொடுக்கும் முன் அங்கேயே சொருகி எல்எஸ்யூஎஸ்பி கொடுத்துப் பாருங்கள். அந்தத் தம்பி அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். செக்யூர் பூட்டில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.