ஆய்வுக் குழு உறுப்பினரை மாற்றித் தருவதாகச் சொன்னவர்களிடம் 4,800 ரிங்கிட் இழந்தேன்

நேற்று மாலை காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு வந்தேன்; மனம் இன்னும் ஆறவில்லை. கோலாலம்பூரில் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். வேலைக்கும் ஆய்வுக்கும் நடுவில் என்னைப் போல் அல்லாடும் வேறு யாரும் நான் போன ஆலோசனை நிலையத்தின் படியில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

என் மேற்பார்வைக் குழுவில் ஒரு தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். அவர்களில் புள்ளியியல் பகுதியைப் பார்த்துவந்த பேராசிரியர் பணி ஓய்வு பெற்றார். அவருடைய இடத்தை நிரப்பாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இயலாது என்று கூறிய பல்கலைக்கழகப் புல அலுவலகம் ஒரு படிவத்தைக் கொடுத்தது. விலகுபவரின் கையெழுத்து, புதிதாகச் சேர்பவரின் ஒப்புதல், குழுத் தலைவரின் பரிந்துரை, துறைத் தலைவரின் கையெழுத்து, அதன்பின் புலத்தின் முதுநிலைக் கல்விக் குழுக் கூட்டம் என்று அதில் கட்டங்கள் வரிசையாக இருந்தன. முன்பின் அறியாத ஒரு பேராசிரியரிடம் போய் என் குழுவில் சேருங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தைத்தான் அவர்கள் காசாக்கினார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில், ஆய்வு மாணவர்களுக்கு ஆலோசனை வழங்கும் நிலையம் அது. அங்கிருந்த பெண்மணி என் நான்காம் அத்தியாயத்தைப் புரட்டி, ஓர் அட்டவணையின் மீது விரலை வைத்தார். "பி மதிப்ப 0.000-ன்னு போடக் கூடாது டீச்சர், 0.001-ஐ விடக் குறைவுன்னுதான் எழுதணும்" என்றார். அவர் சொன்னது சரி. பி மதிப்பு என்பது புள்ளியியல் சோதனையில் கிடைக்கும் ஓர் எண்; மிகச் சிறியதாக இருந்தாலும் அது முழுப் பூஜ்யம் ஆகாது. மென்பொருள் மூன்று தசமத்தோடு நிறுத்திக் காட்டுவதை நான் அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். ஓராண்டாக யார் கண்ணிலும் படாத பிழை அது. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றமாட்டார் என்று அந்த நிமிடமே நம்பிவிட்டேன். "நீங்க எழுதுற வேலைய மட்டும் பாருங்க, கையெழுத்து வாங்குறது எங்க பொறுப்பு. தலைவரைத் தொந்தரவு பண்ண வேணாம். இதே பேராசிரியர் உங்க வைவாவுக்கும் வந்து உட்காருவார்" என்றபோதாவது நான் விழித்திருக்க வேண்டும். வைவா என்பது ஆய்வேட்டின் மீதான வாய்மொழித் தேர்வு; மேற்பார்வைக் குழுவில் இருப்பவர் அதில் அதே மாணவருக்குத் தேர்வாளராக அமர முடியாது என்பது எனக்குத் தெரிந்த விதிதான். தெரிந்தும் தலையாட்டினேன்.

அன்று மாலையே 3,000 ரிங்கிட், அடுத்த வெள்ளிக்கிழமை 1,800 ரிங்கிட், ஆக மொத்தம் 4,800 ரிங்கிட் அனுப்பினேன். அடுத்த பருவக் கட்டணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் அது. கணக்கு நிலையத்தின் பெயரில் இல்லை; ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது. ரசீதில் "ஆலோசனைக் கட்டணம்" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதுவும் இல்லை.

அதன்பின் 11 வாரங்கள் சாக்குப்போக்கிலேயே போயின. முதலில், பேராசிரியர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றார்கள். பிறகு, குழுக் கூட்டம் தள்ளிப்போய்விட்டது என்றார்கள். பிறகு, கோப்பு துறைத் தலைவரின் மேசையில் இருக்கிறது என்றார்கள். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழும், பதில் வராது. இரண்டு முறை பள்ளி முடிந்ததும் எல்ஆர்டி ரயில் ஏறி நேரில் போனேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, யாரும் திறக்கவில்லை. மூன்றாம் முறை ஓர் இளைஞர் எட்டிப் பார்த்து, "அக்கா கூட்டத்துல இருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கடைசியில், நிரப்பப்பட்ட படிவத்தின் நகலை அனுப்பி வைத்தார்கள். அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, புதிய உறுப்பினரின் கையெழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் தெரிந்தது; படிவத்தின் புள்ளிக்கோடு அந்தக் கட்டத்துக்குள் மட்டும் அறுந்திருந்தது. வேறு எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய கையெழுத்து. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு புல அலுவலகத்துக்குப் போனேன். என் பெயரில் அப்படி ஒரு விண்ணப்பமே வரவில்லை என்றார்கள். அந்தப் பேராசிரியரோ என் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். அந்தத் தாள் உள்ளே போயிருந்தால், போலிக் கையெழுத்துக்கு விசாரணையில் நிற்க வேண்டியவள் நான். 4,800 ரிங்கிட் போனதைவிட இதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஆலோசனை சொல்லியாச்சே டீச்சர், அதுக்குத்தான் காசு" என்று ஒரு வரி வந்தது. அத்தோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

பிறகு என் குழுத் தலைவரிடம் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். "என்னிடம் ஏனம்மா முதலிலேயே வரவில்லை?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தம் துறையிலேயே உள்ள ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். பத்து நிமிடத்தில் அவர் சம்மதித்தார். இதற்கு ஒரு காசும் செலவாகவில்லை.

விரிவாக அறிவுரை எழுதும் நிதானம் இப்போது எனக்கு இல்லை. உறுப்பினரை மாற்ற வேண்டுமானால் முதலில் குழுத் தலைவரிடம் போங்கள். அவரிடம் மறைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பணம் அனுப்புமுன் அந்தக் கணக்கு எண்ணை, மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஏமாந்தது தெரிந்தால் அந்த நிமிடமே மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை அழையுங்கள், என்னைப் போல் வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். திங்கட்கிழமை நான் அங்கே போகிறேன். அதே மேல்மாடியில் பணம் கொடுத்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள்.