இரவல் அவதாரமா, சொந்த அவதாரமா?
நாச்சியார்கோயில் குத்துவிளக்குக் கடைகளுக்கு விளம்பர வீடியோ செய்யும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது: நம் முகத்தோடு சேர்ந்து திரையில் அசையும் கணினி உருவத்தை, அதாவது அவதாரத்தை, அடுத்தவர் செய்ததாக இணையத்தில் இறக்கிக்கொள்வதா, நாமே செய்வதா? முகத்தசைவைப் பிடிக்கும் விசீஃபேஸ் மென்பொருள் இலவசம், வணிகத்துக்கும் தடையில்லை. சிக்கல் அவதாரத்தில்தான்.

செலவு: இரண்டுமே காசில்லாமல் கிடைக்கும்.

உரிமை: இறக்கிய அவதாரம் அடங்கிய விஆர்எம் கோப்புக்குள்ளேயே வணிகப் பயன்பாடு கூடுமா, கூடாதா என்ற குறிப்பு இருக்கும். கூடாதென்றால் கடைக்காரரிடம் 500 ரூபாய் வாங்கினாலும் மீறல்தான். இதைத் திறந்து பார்க்காமலே வேலையை ஒப்புக்கொள்கிறார்கள், அதுதான் என் கவலை.
அவதாரம் செய்ய உதவும் விராய்ட் ஸ்டுடியோ மென்பொருளில் நாமே செய்தது வணிகத்துக்கு ஆகும். ஆனால் அடுத்தவர் வரைந்த புடவையை அதற்கு உடுத்தினால், அவர் விதியும் கூடவே வரும்.

உழைப்பு: இறக்குவது அஞ்சு நிமிஷம். சொந்தமாகச் செய்தால் கொண்டைக்கே ஒரு சாயங்காலம் போய்விடும்.

குடும்பக் குழுவில் பொங்கல் வாழ்த்துக்கு இறக்கியதே போதும். பணம் கைமாறுகிறதா? சரி, சொந்தமாகவே செய்துவிடுங்கள்.