அட்லாண்டிஸா, குமரிக்கண்டமா: தேடினால் எதில் ஏதாவது அகப்படும்?

யாழ்ப்பாணத்தில் வரலாறு கதைக்க உட்கார்ந்தால் குமரிக்கண்டம் வராமல் போகாது, பின்னாலேயே யாராவது அட்லாண்டிஸையும் இழுத்துவிடுவார்கள். கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் இந்த இரண்டு நிலங்களையும் ஒரே தட்டில் வைப்பதுதான் எனக்குச் சரிப்படவில்லை.

அட்லாண்டிஸுக்கு மூலம் ஒரே ஆள், கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ. கிமு 4ஆம் நூற்றாண்டில் அவர் எழுதியதுதான் தொடக்கம், அதற்கு முந்திய கிரேக்கர் எவருடைய எழுத்திலும் அது இல்லை. ஆனாலும் தேடுகிறவர்களுக்குக் காட்ட ஓர் இடம் உண்டு: கிரேக்கத்தின் சான்டோரினித் தீவிலுள்ள அக்ரோத்திரி. 1967இல் தொல்லியலாளர் மரினாட்டோஸ் அங்கே தோண்டத் தொடங்க, எரிமலைச் சாம்பலுக்குள் மாடி வீடுகளும் சுவரோவியங்களுமாக ஒரு நகரமே வெளிவந்தது. அது அட்லாண்டிஸ்தான் என்று ஆகிவிடாது, சரி, ஆனால் கையால் தொட்டுப் பார்க்கலாமே.

குமரிக்கண்டத்துக்கு இலக்கியம் வலுவாக இருக்கிறது. சிலப்பதிகாரத்திலேயே கடல்கோள் வருகிறது. அதைப் பெரிய கண்டமாக ஊதிவிட்டது லெமூரியா என்ற மூழ்கிய கண்டம், 1864இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் மடகாஸ்கர் விலங்குகளை விளக்கப் போட்ட ஊகம் (தமிழரை அவர் நினைத்திருக்கவே மாட்டார்). கண்டங்கள் நகர்வது தெரிந்த பிறகு அந்த ஊகத்துக்கு வேலையில்லை. ஆனால் பனியுகத்தில் கடல் மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தது, இங்கிருந்து அக்கரைக்கு நடந்தே போயிருக்கலாம். மூழ்கியது கரையோர நிலம், கண்டமல்ல.

சான்றுக்கு அட்லாண்டிஸ் பக்கம் முந்துகிறது. ஆனால் காசும் கப்பலும் என் கையில் தந்தால் நான் பாக்கு நீரிணையின் அடியைத்தான் பார்ப்பேன். அதுவரைக்கும் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் ஈமக்குழியில் கிடைத்த பிராமி எழுத்து முத்திரையைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம், அது தரையிலேயே கிடைத்தது.